65,535-க்கு மேல் எண்ணாத கர்னல்

ஒரு சர்வரை முடக்க ஆயிரம் கணினிகளைத் திரட்டி ஒரே நேரத்தில் அதன்மேல் ஏவ வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியும் நடக்கும், வேறு விதமாகவும் நடக்கும். 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பானிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தை முடக்கியவர்கள், முடிக்காத இணைப்புக் கோரிக்கைகளை விடாமல் அனுப்பி, சர்வரின் காத்திருப்பு வரிசையை நிரப்பினார்கள். ஆனால் 2019 ஜூன் 17 அன்று வெளியே சொல்லப்பட்ட லினக்ஸ் ஓட்டைக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் தேவையில்லை. தாக்குபவர் சர்வரோடு முறைப்படி இணைப்பு ஏற்படுத்தி, ஒரு கோப்பைக் கேட்டு, கணக்குப் பார்த்துப் பதில் அனுப்பினால் போதும், இயங்குதளத்தின் மையமான கர்னலே நின்றுவிடும். இதற்கு ‘சாக் பேனிக்’ என்று பெயர். கண்டுபிடித்தவர் நெட்ஃபிளிக்ஸில் பணியாற்றிய ஜொனாதன் லூனி.

ஒரு செயலி வலையில் பேச வேண்டுமானால், இயங்குதளத்திடம் சாக்கெட் ஒன்றைக் கேட்டு வாங்குகிறது. அதில் எழுதும் தரவு உடனே வெளியே போய்விடாது. கர்னல் அதைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, சிறு துண்டுகளாக நறுக்கி அனுப்பி, எதிர்முனையிலிருந்து ‘வந்து சேர்ந்தது’ என்ற தகவல் கிடைத்த பிறகே அழிக்கும். துண்டின் அளவை இரு தரப்பும் இணைப்பின் தொடக்கத்திலேயே சொல்லிக்கொள்கின்றன. வழக்கமான ஈதர்நெட்டில் அது 1,460 பைட்.

வழியில் ஒரு துண்டு தொலைந்தால் அதற்குப் பின் போன எல்லாவற்றையும் மறுபடி அனுப்புவது வீண் வேலை. அதனால் ‘இது வரவில்லை, ஆனால் அதற்குப் பிறகு வந்தவை இவையெல்லாம்’ என்று பெறுபவர் குறிப்பிட்டுச் சொல்லும் வசதியை, இந்தத் தகவல் பரிமாற்ற முறையான டிசிபியில் 1996-ல் சேர்த்தார்கள். அதன் சுருக்கப் பெயர்தான் சாக். 2009-ல் வந்த லினக்ஸ் 2.6.29 பதிப்பிலிருந்து, இப்படி வந்து சேர்ந்ததாகக் குறிக்கப்பட்ட துண்டுகளைக் கர்னல் ஒரே மூட்டையாகச் சேர்த்து வைக்கத் தொடங்கியது. நல்ல யோசனைதான். வம்பு அங்கிருந்துதான் வந்தது.

ஒரு மூட்டையில் அதிகபட்சம் 17 பகுதிகள் இருக்கலாம். வழக்கமான இன்டெல் வகைக் கணினியில் ஒவ்வொரு பகுதியும் 32 கிலோபைட் வரை பிடிக்கும். மொத்தம் 5,57,056 பைட். துண்டு 1,460 பைட்டாக இருந்தால் மூட்டைக்குள் நானூறுக்கும் குறைவான துண்டுகள்தான் வரும், கவலையில்லை. ஆனால் துண்டின் அளவைக் குறைத்துக் கேட்கும் உரிமை எதிர்முனைக்கு உண்டு. லினக்ஸ் 48 பைட் வரை இறங்கிவரும். அதில் 40 பைட் டிசிபியின் கூடுதல் குறிப்புகளுக்கே போய்விட்டால், தரவுக்கு மிஞ்சுவது 8 பைட். இப்போது வகுத்துப் பாருங்கள்: மூட்டைக்குள் 69,632 துண்டுகள்.

அந்த எண்ணிக்கையைக் குறித்துவைக்கக் கர்னல் ஒதுக்கியிருந்ததோ 16 பிட் இடம். அதில் 65,535 வரைதான் எழுத முடியும். பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மானி 99,999 தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்புவதுபோல, 69,632 என்பது அங்கே 4,096 ஆகப் பதிவாகிறது.

உண்மையில் இந்தத் தப்புக் கணக்கு மட்டும் கணினியை நிறுத்தவில்லை. கணக்கு ஒத்துவராவிட்டால் இயக்கத்தையே நிறுத்திவிடு என்று நிரலில் ஒரு காவல் வரி இருந்தது. உள்ளே ஏதோ கெட்டுப்போன நிலையில் தொடர்ந்து ஓடி, தரவையும் கெடுப்பதைவிட நிற்பது மேல் என்பது அந்த வரிக்குப் பின்னால் இருந்த எண்ணம். குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும், முகம் தெரியாத எவரோ அனுப்பும் பாக்கெட்டால் தொடக்கூடிய இடத்தில் அப்படியொரு வரி இருந்தால், அது அவர் கையில் கொடுத்த சுவிட்ச்தான். இந்த ஓட்டையால் தரவு திருடு போகாது, கடவுச்சொல் கசியாது. சர்வர் மட்டும் நிற்கும். மறுபடி இயக்கினால் மறுபடி நிறுத்தலாம்.

திருத்தம் சில வரிகளில் முடிந்தது: சேர்த்தால் எண்ணிக்கை 65,535-ஐத் தாண்டும் என்றால் சேர்க்காதே. பத்தாண்டுகளாக இல்லாதிருந்த சோதனை இவ்வளவுதான். உடனே புதுப்பிக்க முடியாதவர்களுக்கு இரண்டு மாற்று வழிகள் சொல்லப்பட்டன. ஒன்று, சாக் வசதியை அணைப்பது. பாக்கெட்டுகள் அடிக்கடி தொலையும் தொடர்புகளில் இதனால் வேகம் குறையும். மற்றொன்று, மிகச் சிறிய துண்டு கேட்டு வரும் இணைப்புகளை ஃபயர்வாலில் மறுப்பது. உண்மையான பயனர்கள் அவ்வளவு சிறிய துண்டு கேட்பது அபூர்வம் என்பதால் இது பெரும்பாலும் யாரையும் பாதிக்காது.

இன்னும் பழைய சர்வர் ஒன்றைப் பராமரிப்பவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. லினக்ஸ் 4.19 வரிசையில் 4.19.52 முதல் திருத்தம் இருக்கிறது. ரெட் ஹாட், டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீட்டாளர்கள் பழைய பதிப்பு எண்ணையே வைத்துக்கொண்டு திருத்தத்தை உள்ளே சேர்ப்பதால், அவர்கள் வெளியிட்ட பாதுகாப்பு அறிவிப்போடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். ஒப்பிட வேண்டியதும் வட்டில் நிறுவியிருக்கும் கர்னலை அல்ல, இப்போது ஓடிக்கொண்டிருப்பதை. புதிய கர்னலை இறக்கி நிறுவிவிட்டு, ‘ஆயிரம் நாளாக நிறுத்தாமல் ஓடுகிறது’ என்ற பெருமைக்காகச் சர்வரை மறுதொடக்கம் செய்யாமல் விட்டிருந்தால், நினைவகத்தில் ஓடுவது பழைய கர்னல்தான்.