வயல் எலிக்கு வானில் ஒரு காவல்: விஷம் வைக்கும் முன் யோசியுங்கள்

விழுப்புரம் மாவட்டம் கூனிமேடு, மரக்காணம் பகுதியில் உப்பளங்களுக்கு அப்பால் விரிந்து கிடக்கிறது கழுவெளி. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தச் சதுப்பு நிலத்தின் பரப்பு 5,151 ஹெக்டேர். இங்கு குளிர்காலத்தில் வரும் வேட்டைப் பறவைகளில் ஒன்று சேற்றுப் பூனைப்பருந்து. ஐரோப்பா, மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்து, செப்டம்பர், அக்டோபரில் வலசை வந்து, மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும்.

அடையாளம்

இறக்கை விரித்தால் சுமார் நான்கு அடி. பெண் பருந்து கரும்பழுப்பு நிறம். தலையும் தொண்டையும் வெளிர் மஞ்சள். தலை வெளுத்திருப்பதால் செம்பருந்து என்று நினைப்பார்கள். செம்பருந்துக்கு மார்பும் வெள்ளையாக இருக்கும். பூனைப்பருந்து கோரைக்கும் நெற்பயிருக்கும் சில அடி மேலே, இறக்கையைச் சற்றுத் தூக்கியபடி மிதந்து செல்லும். ஆந்தையைப் போன்ற முக அமைப்பு இருப்பதால், புல்லுக்குள் எலி அசையும் சத்தத்தையும் கேட்டு இறங்கும். தவளை, நீர்ப்பறவைகளையும் பிடிக்கும்.

விஷத்தால் வரும் ஆபத்து

புரோமடியோலோன் கலந்த இரையைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் சோர்ந்து திரியும். பருந்துக்கு எளிதில் சிக்குவது அந்த எலிதான். எலியின் உடலில் உள்ள விஷம் பருந்தையும் கொல்லக்கூடும். ஒரு பருந்து செத்தால், அந்தப் பருவம் முழுவதும் நமக்குக் கூலியில்லாமல் எலி பிடித்த ஆளை இழக்கிறோம்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

* பருந்து மட்டுமே எலியை ஒழித்துவிடாது. வரப்பை ஒன்றரை அடி அகலத்துக்கு மிகாமல் ஒடுக்கி, களையின்றி வைத்தால் எலி வளை குறையும்.
* விஷத்துக்கு முன் தஞ்சாவூர் கிட்டி வைத்துப் பிடிக்கலாம்.
* எலி இரவில்தான் அதிகம் நடமாடும். ஆந்தை உட்கார 'டி' வடிவக் குச்சிகளை நடலாம்.
* விஷம் வைத்தே ஆக வேண்டுமானால், செத்த எலிகளைத் தினமும் காலையில் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும்.
* பூனைப்பருந்து மரத்தில் அல்ல, புல்தரையில்தான் இரவு தங்கும். ஏரிக்கரைக் கோரைக்கும் புல்லுக்கும் தீ வைக்கக் கூடாது.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை இது. வேட்டையாடுவது குற்றம். அடிபட்டோ மயங்கியோ கிடந்தால் உடனே வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.