கலைச்சொல்லும் வடிவமும்: நடுநிலைப் பள்ளி வடிவியல் கற்பித்தலில் மொழியின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்வழியில் பயிலும் மாணவர்க்கு வடிவியல் கலைச்சொற்களுள் பல, கேட்ட அளவிலேயே பொருள் புலப்படும் தன்மையுடையன. அத்தன்மையே சில இடங்களில் பிழையான கருத்துருவிற்கும் காரணமாகிறது. அத்தகைய சொற்கள் சிலவற்றை ஆராய்ந்து, சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதியான கள்ளிக்குப்பம் போன்ற வாழிடங்களின் மனையளவு நடைமுறையைக் கொண்டு வடிவியலைத் தெளிவுறக் கற்பிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வடிவியல், கலைச்சொல், நடுநிலைக் கல்வி, சாய்சதுரம், மனையளவு, மூலைவிட்டம்.

முன்னுரை

வடிவியல் சிந்தனை படிநிலைகளாக வளர்கிறது என்பதை நெதர்லாந்து ஆசிரியர்களான பியர் வான் ஹீல, டினா வான் ஹீல-கெல்டாஃப் ஆகியோர் 1957ஆம் ஆண்டில் தம் ஆய்வேடுகளில் எடுத்துரைத்தனர். முதல் நிலையில் மாணவர் வடிவத்தைத் தோற்றத்தால் அறிகின்றனர். இரண்டாம் நிலையில் பண்புகளால் அறிகின்றனர். மூன்றாம் நிலையில் பண்புகளுக்கிடையிலான தொடர்பை உணர்கின்றனர். ஆசிரியரும் மாணவரும் வெவ்வேறு நிலையில் நின்று ஒரே சொல்லை வழங்கும்போது ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வதில்லை என்பதும் அவர்தம் கருத்தாகும்.

தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பிற்கு 2018-19ஆம் கல்வியாண்டிலும், ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு 2019-20ஆம் கல்வியாண்டிலும் புதிய பாடநூல்கள் நடைமுறைக்கு வந்தன. கோடு, கோணம் ஆகியவற்றில் தொடங்கும் மாணவர் எட்டாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றத்தை எய்துகின்றனர். மூன்றே ஆண்டுகளில் தோற்ற நிலையிலிருந்து தொடர்பு நிலைக்கு உயர வேண்டியுள்ளமையால், இடையில் நேரும் சொற்குழப்பம் பின்னர் வரும் பாடங்கள் அனைத்தையும் பாதிக்கும்.

1. சொல் தரும் உதவியும் இடரும்

‘குறுங்கோணம்’, ‘விரிகோணம்’ ஆகிய சொற்கள் தம் பொருளைத் தாமே உணர்த்துகின்றன. ‘நாற்கரம்’ என்பதும் அவ்வாறே. இவை தமிழ்வழி மாணவர்க்குக் கிடைத்த நற்பேறு எனலாம். ஆயினும் பின்வரும் மூன்று சொற்கள் கவனத்திற்குரியன.

முதலாவது, ‘சாய்சதுரம்’. சொல்லின்படி இது சாய்ந்த சதுரம். எனவே சதுரம் ஒன்றைச் சற்றே திருப்பி வரைந்தால் அதனைச் சாய்சதுரம் என்றே மாணவர் கொள்ள இடமுண்டு. நான்கு பக்கங்களும் சமமாக இருப்பதே இதன் இலக்கணம். தாளில் அது எத்திசையில் வரையப்பட்டுள்ளது என்பது பொருட்டன்று. இவ்விலக்கணத்தின்படி ஒவ்வொரு சதுரமும் சாய்சதுரமே. ஆனால் சொல்லோ அதற்கு மாறாக ஒலிக்கிறது.

இரண்டாவது, ‘செங்குத்து’. வழக்கில் இது தரையிலிருந்து நேராக மேலெழுவதைக் குறிக்கும். வடிவியலில் செங்குத்துக் கோடுகள் என்பன ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும் இரு கோடுகளாகும். இரண்டும் சாய்ந்தே இருக்கலாம்.

மூன்றாவது, ‘அடிப்பக்கம்’. ‘அடி’ என்பது கீழ் எனப் பொருள்படுவதால், முக்கோணத்தின் கீழ்ப்பக்கம் மட்டுமே அடிப்பக்கம் ஆகும் என்னும் எண்ணம் தோன்றுகிறது. 6, 8, 10 செ.மீ. பக்கங்களுடைய செங்கோண முக்கோணத்தில் 6 செ.மீ. பக்கத்தை அடியாகக் கொண்டால் உயரம் 8 செ.மீ.; 10 செ.மீ. பக்கத்தை அடியாகக் கொண்டால் உயரம் 4.8 செ.மீ. இருவகையிலும் பரப்பளவு 24 ச.செ.மீ. என்பதை மாணவர் தாமே அளந்து காண்பது இவ்வெண்ணத்தை நீக்கும்.

2. மனையளவும் மூலைவிட்டமும்

கள்ளிக்குப்பம், 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்த அம்பத்தூர்ப் பகுதியைச் சேர்ந்தது. இத்தகைய புறநகர்களில் மனை, கிரவுண்ட், சதுர அடி ஆகியவை அன்றாடப் பேச்சில் வழங்குவன. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. அதில் பாதியான 1,200 சதுர அடி மனை 30 அடிக்கு 40 அடியாக அமைவதுண்டு.

மனைப் பத்திரங்களில் கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி எனப் பொதுவாக நான்கு பக்க அளவுகள் தரப்படுகின்றன. இங்கு எழும் வினா வடிவியல் சார்ந்தது: நான்கு பக்கங்களின் அளவு மட்டும் ஒரு நாற்கரத்தை உறுதிசெய்யுமா? செய்யாது. எதிர்ப்பக்கங்கள் 30, 40 அடியாகவே இருந்தும் மூலைகள் கோணலானால் மனை இணைகரமாகிப் பரப்பளவு குறைந்துவிடும். பத்திர அளவு சரியாக இருந்தும் நிலம் குறையலாம் என்பது எளிய குடும்பத்தினர்க்கும் பயன்படும் அறிவாகும்.

கொத்தனார் இதனை நன்கறிவார். நூல் கட்டும்போது மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடியும் மற்றொன்றில் 4 அடியும் குறித்து, இடைத்தொலைவு 5 அடி வருகிறதா எனப் பார்த்து மூலைமட்டம் காண்கிறார். இது பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலை. மேற்கண்ட மனையில் இரு மூலைவிட்டங்களும் 50 அடியாக இருப்பின் நான்கு மூலைகளும் செங்கோணமே.

3. வகுப்பறைச் செயல்பாடு

துளைகளுக்கிடையே 12 செ.மீ. உள்ள இரண்டு அட்டைப் பட்டைகளையும், 16 செ.மீ. உள்ள இரண்டையும் நூலால் பிணைத்து நாற்கரம் அமைக்கச் செய்யலாம். 1 செ.மீ. 2.5 அடியைக் குறிக்குமாயின் இதுவே 30-க்கு 40 மனை. சட்டத்தை அழுத்தச் சாய்கிறது. பக்கங்கள் மாறவில்லை, பரப்பளவு குறைகிறது. ஒரு கோணம் 30 பாகையாகும்போது பரப்பளவு 192 ச.செ.மீ.இலிருந்து 96 ச.செ.மீ. ஆகிறது. பின்னர் 20 செ.மீ. பட்டையை மூலைவிட்டமாகப் பிணைத்தால் சட்டம் அசைவதில்லை; ஏனெனில் நாற்கரம் இரு முக்கோணங்களாகிவிட்டது. மூன்று பக்கங்கள் ஒரு முக்கோணத்தை உறுதிசெய்யும் என்னும் சர்வசமக் கொள்கைக்கு இதுவே வாயில்.

நான்கு பட்டைகளும் சமமாயின் அதே சட்டம் சதுரத்திலிருந்து சாய்சதுரத்திற்குத் தொடர்ச்சியாக மாறும். சதுரம் சாய்சதுரங்களுள் ஒன்று என்பது அப்போது கண்ணாலேயே விளங்கும்.

முடிவுரை

கலைச்சொற்களை மாற்ற வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. சொல் சுட்டும் தோற்றத்திற்கும் இலக்கணம் கூறும் பண்பிற்கும் உள்ள இடைவெளியை ஆசிரியர் வெளிப்படையாகப் பேச வேண்டும். மூலைமட்டம் பிடிக்கும் பெற்றோரின் பிள்ளைக்கு வடிவியல் அயலான பாடமன்று. வீட்டிலுள்ள அறிவை வகுப்பறை ஏற்றுக்கொள்ளும்போது தேற்றம் மனப்பாடமாக நின்றுவிடாமல் அறிவாகிறது.