பதுளைப் பிள்ளையும் பல்கலைக்கழக அனுமதியும்

பல்கலைக்கழக அனுமதி பற்றி என்னிடம் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் உயர்தரப் பெறுபேறு வந்த பிறகுதான் வருகிறார்கள். "சேர், இந்த ரிசல்ட்டுக்கு என்ன கிடைக்கும்?" என்பதுதான் கேள்வி. அந்த நேரத்தில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். எந்தத் துறை, எந்த ஊர்ப் பாடசாலை என்ற இரண்டும் சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு முடிவாகிவிடுகின்றன. பாதி அனுமதி அங்கேயே தீர்ந்துபோகிறது. ஆகவே இதைப் பத்தாம், பதினோராம் தரத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய வாப்பா உம்மாவுக்கும் என்றே எழுதுகிறேன்.

முதலில் இசட் புள்ளி. 2001 தொடக்கம் தெரிவு நடப்பது இதைக் கொண்டுதான். ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் தொகையை நியம விலகலால் வகுக்கிறார்கள். மூன்று பாடங்களுக்கும் வருவதைக் கூட்டி மூன்றால் வகுத்தால் உங்கள் இசட் புள்ளி. ஒரு பாடத்தின் சராசரி 45, விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 எடுத்தவருக்கு 1 கிடைக்கும். சராசரியே 60 ஆக இருக்கிற பாடத்தில் அதே 60 எடுத்தவருக்குப் பூச்சியம். "லேசான பாடம் எடுத்தால் கூடப் புள்ளி வரும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

அடுத்தது மாவட்டம். கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு. 55 சதவீதம் சனத்தொகைப்படி 25 மாவட்டங்களுக்கும் பிரிகிறது. மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. பதுளை, மொனராகலை இரண்டும், அதாவது ஊவா முழுவதும், அந்தப் பதினாறுக்குள் அடங்கும். எழுபதுகளின் தரப்படுத்தலில் இருந்து வளர்ந்த முறை இது. யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்கே ஒரு காயம் உண்டு. அது நியாயமான காயம்தான். ஆனால் லயத்துப் பிள்ளைக்கும் குருத்தலாவைப் பிள்ளைக்கும் இன்று கதவு திறக்கிறதென்றால் இந்த ஒதுக்கீட்டாலும்தான்.

இங்கேதான் பலர் கைப்பொருளைத் தொலைக்கிறார்கள். உங்கள் மாவட்டத்தைத் தீர்மானிப்பது பிறந்த ஊரோ வாப்பாவின் கடை இருக்கும் ஊரோ அல்ல. பாடசாலைப் பரீட்சார்த்தியானால், பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எங்கே படித்தீர்கள் என்பதுதான் கணக்கு. உயர்தரத்துக்காகக் கண்டிக்குப் போகிற பிள்ளை பொதுவாகக் கண்டி மாவட்டப் பிள்ளையாகவே போட்டியிடும். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கண்டியின் வெட்டுப்புள்ளி பதுளையை விட உயர்ந்தே இருந்துவருகிறது. "பெரிய பாடசாலை, நல்ல டியூசன்" என்று அனுப்புகிற பெற்றோர் பிள்ளையின் ஒதுக்கீட்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டு வருகிறார்கள். அந்தப் பாடசாலையால் பிள்ளையின் புள்ளி எவ்வளவு கூடும், இரண்டு மாவட்ட வெட்டுப்புள்ளிக்கும் இடைவெளி எவ்வளவு என்று முந்திய ஆண்டுகளின் பட்டியலை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பட்டும். பட்டியல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலிலேயே இருக்கிறது.

"இங்கே பௌதிகவியலுக்கு ஆளில்லையே, என்ன செய்யிற?" என்பார்கள். உண்மைதான். எங்கள் மாகாணத்தில் தமிழ்மொழிமூல விஞ்ஞான வகுப்புகள் குறைவு. பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைக்குப் பதுளை டவுனுக்கு வந்துபோவதே ஒரு செலவு. அதனால் பிள்ளைகள் மொத்தமாகக் கலைப்பிரிவில் போய் விழுகிறார்கள். நம் பெண்பிள்ளைகள் இஸ்லாம், இஸ்லாமிய நாகரிகம், தமிழ் என்று எடுப்பது கிட்டத்தட்ட வழமையாகிவிட்டது. விரும்பி எடுத்தால் நல்ல பாடங்கள். ஆனால் கலைப்பட்டத்துக்கான தெரிவு அகில இலங்கைத் திறமையில் நடக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகை அங்கே செல்லாது. ஒதுக்கீடு உள்ள துறையில் ஆசிரியர் இல்லை, ஆசிரியர் உள்ள துறையில் ஒதுக்கீடு இல்லை. ஊவாவின் கல்விக் குறை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கட்டிடத்துக்குச் சேர்க்கிற காசில் ஒரு பங்கை ஒரு பௌதிகவியல் ஆசிரியருக்குக் கொடுத்தால் என்ன?

அதுவரை இடைவழிகள் உண்டு. உயிரியல் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கலாம். மருத்துவம் அடைபட்டுவிடும், விவசாயம் சார்ந்த பட்டங்கள் திறந்திருக்கும். தேயிலைக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைக்கு அது ஒன்றும் அந்நியமான படிப்பல்ல. வர்த்தகப் பிரிவும் தொழில்நுட்பப் பிரிவும் இருக்கின்றன. பதுளையிலேயே 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம், ஏற்றுமதி விவசாயம், முகாமைத்துவம் எல்லாம் படிக்கலாம். படிப்பு ஆங்கிலத்தில். அதனால் ஆங்கிலத்தைப் பதினோராம் தரத்தோடு மூடிவைக்க ஏலாது. "பொம்பளப் புள்ளய தூர அனுப்ப ஏலாது" என்கிற உம்மாமார் இந்தப் பல்கலைக்கழகத்தை மறந்துவிடுவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

விண்ணப்பப் படிவத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. விருப்ப வரிசையில் உண்மையிலேயே ஆசைப்படுவதை முதலில் எழுதுங்கள். கிடைக்காத ஒன்றை மேலே போட்டதால் கீழே உள்ளது கைநழுவாது; தெரிவு இசட் புள்ளிப்படி நடந்து, பிறகுதான் உங்கள் வரிசை பார்க்கப்படுகிறது. பயந்து தாழ்ந்ததை மேலே எழுதினால் அதுவே கிடைத்துவிடும். மூன்று பாடமும் ஒரே அமர்வில் சித்தியடைய வேண்டும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியாவது வேண்டும். அந்தத் தாளை விளையாட்டாக எழுதாதீர்கள். உளச்சார்புப் பரீட்சை உள்ள கற்கைநெறிகளுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியாக அறிவித்தல் விடும். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை, குடும்ப வருமானம் குறைந்தவர்களுக்கு மஹாபொல உண்டு என்பதைத் தோட்டத்துப் பெற்றோருக்கு யாராவது வீடுதேடிப் போய்ச் சொல்ல வேண்டும்.

பெயர்ப் பிரச்சினையையும் இப்போதே பாருங்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் முஹம்மது, அடையாள அட்டையில் மொஹமட், பாடசாலை இடாப்பில் வெறும் 'மு' என்று இருக்கும். தோட்டப் பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயரே இரண்டு விதமாக இருக்கும். பதினோராம் தரத்திலேயே கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் திருத்தத் தொடங்கினால் நேரம் இருக்கிறது. லயத்துக்குக் கடிதம் தோட்டக் காரியாலயம் வழியாக வந்து பிந்துமென்றால், டவுனில் நம்பிக்கையான ஒருவருடைய விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படிவத்தில் கொடுக்கிற தொலைபேசி இலக்கமும் பிள்ளையின் கையிலேயே இருக்கிற இலக்கமாக இருக்கட்டும்.