கடலோர நகரங்கள் – 9: கச்சான் வீசும் காலத்தில் திருகோணமலை

சென்ற வாரம் காலி நகரத்துக்கு டிசம்பர் முதல் மார்ச் வரையே ஏற்ற காலம் என்று பார்த்தோம். அதே கணக்கோடு திருகோணமலைக்குப் புறப்பட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இலங்கை சிறிய தீவு என்றாலும், மேற்கிலும் கிழக்கிலும் மழைக்காலம் வேறு வேறு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பையும் காலியையும் நனைக்கிறது. மழையின் பெரும்பகுதியை நடுவிலுள்ள மலைநாடே வாங்கிக்கொள்வதால், மலையைத் தாண்டி கிழக்கே இறங்கும் காற்று ஈரம் வற்றி, சூடேறி வந்துசேர்கிறது. அதுதான் கச்சான். கரையிலிருந்து கடலை நோக்கி அது வீசும்போது கரையோர அலைகள் அடங்கிவிடுகின்றன.

நம் ஊர்க் குடும்பங்கள் இலங்கைக்குப் போவது பெரும்பாலும் கோடை விடுமுறையில். கொழும்பு, பெந்தோட்டை என்று மேற்குக் கரையோரமாகவே பயணத்தை அமைத்துக்கொள்கிறார்கள். மே பிற்பாதியில் அங்கே கடல் கொந்தளிக்கத் தொடங்கி, குளிக்க வேண்டாம் என்று சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து கிழக்கே திரும்புங்கள். நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்களைப் பாருங்கள்: மேற்குக் கடல் குமுறும் மாதங்களில் படகையும் வலையையும் எடுத்துக்கொண்டு கிழக்குக் கரைக்கு வந்துவிடுகிறார்கள். கரையில் வாடி அமைத்துத் தங்கி, பருவம் மாறியதும் ஊர் திரும்புவது அவர்களுக்குத் தலைமுறை வழக்கம்.

இந்த மாதங்களில் திருகோணமலையை அடுத்த நிலாவெளிக் கடல் தெளிந்து கிடக்கும். கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு முகத்தை நீரில் வைத்தால் போதும், பவளப்பாறைகளுக்கிடையே மீன் கூட்டங்களையும் சிறிய சுறாக்களையும் பார்த்துவிடலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: பவளத்தின்மேல் கால் வைக்காதீர்கள். அது உயிருள்ளது, மிதித்து உடைந்தது வளர்ந்துவர ஆண்டுகள் பல ஆகும். துறைமுக வாயிலை ஒட்டியே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு தொடங்குவதால், நீலத் திமிங்கிலங்கள் கரைக்கு நெருக்கமாக வருவதும் உண்டு.

வெயிலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஜூன், ஜூலையில் 35 டிகிரியைத் தொடும். கச்சான் முகத்தில் அனலாக அறையும். ஆகவே கடலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் காலையிலேயே போய்விடுங்கள். நண்பகலில் அறையில் இருங்கள். கோணேசர் கோயிலுக்குச் சாயங்காலம் ஏறினால், செங்குத்துப் பாறையின் விளிம்பில் நின்று கடற்காற்று வாங்கலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் போகிறவர்கள் இன்னொரு நாளை ஒதுக்கி மின்னேரியாவுக்கும் போய்வர வேண்டும். குளத்து நீர் வற்ற வற்ற, புல் தேடி நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே திரளும்.

அக்டோபரில் எல்லாம் தலைகீழாகிவிடும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. புயலும் வரும், 2020 டிசம்பரில் புரெவி கரையேறியது திருகோணமலைக்கு வடக்கேதான். ஆனால் இந்த ஊரை உலக வரலாற்றுக்குள் இழுத்து வந்ததும் இதே பருவம். பாய்மரக் கப்பல் காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டு நின்றன. வடகிழக்குப் பருவம் தொடங்கினால் அவை பம்பாய் வரை ஓட வேண்டியிருந்தது. வங்கக் கடலின் இந்தப் பக்கத்தில் புயலுக்கு ஒதுங்க இயற்கையே அமைத்துக் கொடுத்த இடம் திருகோணமலை. 1782 ஜனவரியில் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். ஆகஸ்டிலேயே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அதைப் பறித்துக்கொண்டார். நாம் குடையோடு தவிர்க்கும் மாதங்களுக்காகத்தான் இத்தனை சண்டையும்.

என்னைக் கேட்டால், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஜூன் தொடக்கம் வரை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் மட்டும் வேண்டாம். கடைகள் மூடியிருக்கும், அறைகள் கிடைக்காது. டிசம்பரில்தான் விடுப்பு என்பவர்கள் காலிக்கே போகட்டும்.