ஸஆதத் பந்தரைத் தேடிக் கோவளத்தில் ஒரு நடை

கோடை விடுமுறையில் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று திரும்பும் அன்பர்கள் பலர், அங்குள்ள பழம்பெரும் நகரங்களை நடந்தே காண வேண்டும் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். வீதியின் வளைவும் துறையின் திசையும் நடப்பவருக்கே புலப்படும் என்பது அவர்கள் கூற்று. அது மெய்யே. ஆயினும் அவ்வாறே நடந்து காணத்தக்க ஐரோப்பியத் துறையொன்று சென்னைக்குத் தெற்கே, நம் அருகிலேயே இருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லாதிருந்த மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு, மே மாதத்தில் ஒருநாள் ஸுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு கோவளத்தை நடந்து பார்த்தேன்.

ஊரின் நடுநாயகமாக விளங்குவது ஹஸரத் தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் பெயரால் வழங்கும் தர்கா. அவர்களது உடலைத் தாங்கிய பேழை கடலில் மிதந்துவந்து இக்கரையில் ஒதுங்கியது என்பது இவ்வூரார் வழிவழியாகப் போற்றும் செய்தி. செவிவழி மரபாகவே அதனை இங்குக் குறிக்கிறேன். அதன் ஆய்வு தனிக் கட்டுரைக்குரியது. கத்தோலிக்கத் தேவாலயம், மீனவர் குப்பம், கடற்கரை ஆகிய அனைத்தும் அங்கிருந்து சில நிமிட நடையில் வந்துவிடுகின்றன. இத்தனை சிறிய ஊருக்காகவா மூன்று ஐரோப்பிய நாட்டார் போட்டியிட்டனர் என்று ஒரு மாணவர் வியந்தார்.

கோட்டை எங்கே இருந்தது என்று தேநீர்க் கடையில் விசாரித்தோம். "டச்சுக் கோட்டைதானே? அது மேலதான் ஓட்டல் கட்டிட்டாங்க" என்றார் பெரியவர் ஒருவர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. சுற்றுலா வழிகாட்டிகளும் அவ்வாறே எழுதுகின்றன. ஆனால் வரலாறு கூறுவது வேறு.

இங்கே முதலில் பண்டகசாலை அமைத்தவர்கள் ஒல்லாந்தர் அல்லர். அவர்களுடைய தெற்கு அயலாரான பிளெமிங்குகள். இன்றைய பெல்ஜியம் அக்காலத்தில் ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் அரசகுலத்தின் ஆட்சியில் இருந்தது. பேரரசர் ஆறாம் சார்லஸ் 1722 டிசம்பரில் ஆஸ்டெண்ட் கம்பெனிக்குப் பட்டயம் வழங்கினார். 60 லட்சம் கில்டர் மூலதனம்; 1723இல் ஆண்ட்வெர்ப் நகரில் பங்குகள் விற்பனைக்கு வந்தபோது வணிகர்கள் முண்டியடித்து வாங்கினர். அக்கம்பெனிக்கு இந்தியாவில் வாய்த்த முதன்மையான நிலையங்கள் இரண்டு: வங்காளத்தில் பாங்கிபஜார், சோழமண்டலக் கரையில் கோவளம். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இக்கம்பெனியைத் தொடக்கம் முதலே பகைத்தனர். தம் மகள் மரியா தெரேசா அரியணை ஏறுவதற்கு அயல்நாடுகளின் இசைவை வேண்டிநின்ற சார்லஸ், அதற்கு விலையாகக் கம்பெனியையே கைவிட்டார். 1727இல் அது நிறுத்திவைக்கப்பட்டது. 1731ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையால் ஒழிந்தது. வியன்னாவில் ஒரு மகளின் வாரிசுரிமைக்காகக் கோவளத்தின் துறை விலைபோயிற்று எனலாம். இத்தனைக்கும் எதிரியாக நின்ற ஒல்லாந்தரின் பெயரையே அக்கரைக்குச் சூட்டுகிறோம் என்பது நகைப்புக்குரியது. அவர்களுடைய உண்மையான கோட்டை தெற்கே, கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் உள்ளது.

கோவளத்தில் நின்ற பெரிய கோட்டையோ நவாபுடையது. கம்பெனிப் படைகளின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம், ஆஸ்டெண்ட்காரரின் இடிபாடுகளுக்கு அருகே நவாப் அன்வருத்தீன் கான் கடலோரமாக அதனை எழுப்பினார் என்று தெளிவாகக் குறிக்கிறார். 1746இல் அடையாற்றங்கரையில் பிரெஞ்சுக்காரரிடம் தம் மகன் மஹ்பூஸ் கானின் படை தோற்றதைக் கண்ட நவாப் இவர். அகழி இல்லை, உருண்டைக் கொத்தளங்களைக் கொண்ட உறுதியான மதில் இருந்தது. அதற்கு வழங்கிய பெயர் ஸஆதத் பந்தர். ஸஆதத் என்பது நற்பேற்றைக் குறிக்கும் அரபுச் சொல். பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். பரங்கிப்பேட்டை மஹ்மூது பந்தர் என வழங்கியதை வாசகர்கள் அறிவர். 1710 முதல் 1732 வரை ஆற்காட்டை ஆண்ட நவாப் ஸஆதத்துல்லாஹ் கானின் நினைவாக எழுந்த பெயரோ என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு; அது ஊகமே.

அன்வருத்தீன் கான் 1749 ஆகஸ்டில் (ஹிஜ்ரி 1162) ஆம்பூர்ப் போரில் மாண்டார். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே கோட்டை சூழ்ச்சியால் பறிபோனது. பிரெஞ்சுக் கப்பல் ஒன்று கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, ஆபத்துக்கு அடையாளம் காட்டியது. மாலுமிகளில் பெரும்பாலோர் ஸ்கர்வி நோயால் மாண்டனர் என்றும், எஞ்சியோரைக் கரையிறக்காவிடில் அவர்களும் மடிவர் என்றும் வேண்டினர். கோட்டைத் தலைவர் அதற்கு இசைந்தார். மெலிந்து வெளிறியவர்களாகப் பார்த்துப் பொறுக்கிய 30 பேர், உடைக்குள் ஆயுதம் மறைத்து உள்ளே வந்தனர். அன்றிரவே எழுந்து காவற்படையை மடக்கினர். நோயாளிக்குக் கதவு திறந்தது அத்தலைவரின் மடமை என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அவ்வாறு எழுத மனம் வரவில்லை.

1752 செப்டம்பரில் கிளைவ் வந்தார். புதிதாகச் சேர்ந்த ஐரோப்பியர் 200 பேரும் சிப்பாய்கள் 500 பேரும் அவருடைய படை. கோட்டையிலிருந்து பறந்துவந்த குண்டொன்றில் ஒருவர் விழ, மற்றவர் சிதறி ஓடினர். அவர்களுள் ஒருவரை மறுநாள் கிணற்றின் அடியிலிருந்து மீட்க வேண்டியிருந்தது! எனினும் சில நாளில் கோட்டை பணிந்தது. பின்னர் மதில்களை வெடிவைத்துத் தகர்த்தனர். 'டச்சுக் கோட்டை' என்று சொல்லும்போது நம் நாவிலிருந்து மறைவது நவாபின் பெயரும், அந்த அரபு-பாரசீகப் பெயரும்தான்.

நடந்து காண விரும்புவோர் தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தை அடையலாம். வெயில் ஏறுமுன் தர்காவில் தொடங்கி, தேவாலயத்தைக் கடந்து கடற்கரைக்குச் செல்வது நலம். கண்ணால் காணக் கோட்டையொன்று வேண்டுமென்போர் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சதுரங்கப்பட்டினம் வரை செல்லட்டும். அங்குள்ள செங்கல் மதில்களையும் ஒல்லாந்தர் கல்லறைகளையும் தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. நாங்கள் தேநீர்க் கடைக்குத் திரும்பியபோது பெரியவர் அங்கில்லை. மாணவர் ஒருவர் 'ஸஆதத் பந்தர்' என்பதை அரபு எழுத்திலும் தமிழிலும் ஒரு தாளில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.