எல்லாக் கணினியிலும் ஒரே தாளம்

ஒரு மாணவி எழுதிய நிரல் அவளுடைய கணினியில் மோகனமாக ஒலிக்கிறது, பக்கத்துக் கணினியில் சத்தமே வரவில்லை என்றால், பாடவேளையில் பாதி அதைச் சரிசெய்வதிலேயே போய்விடும். இசையை நிரலாக எழுதக் கற்றுக்கொடுக்க விரும்பும் பினாங்கு ஆசிரியர்கள் முதலில் பார்க்க வேண்டியது மென்பொருளின் பெருமையை அல்ல. அது கூடத்திலுள்ள அத்தனை கணினிகளிலும் ஒரே மாதிரி இயங்குமா என்பதைத்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பள்ளியில் என்ன கருவி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விண்டோஸ், மேக் அல்லது ராஸ்பெர்ரி பை இருந்தால் சோனிக் பை என்ற மென்பொருள் போதும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது சாம் ஆரன் 2012-இல் பள்ளி வகுப்புகளை மனத்தில் வைத்தே அதை உருவாக்கினார். கட்டணம் இல்லை. குரோம்புக் மட்டுமே இருந்தால் உலாவியிலேயே ஓடும் ஸ்ட்ரூடல் அல்லது இயர்ஸ்கெட்ச் நல்லது. ஆனால் அவற்றுக்கு இணையம் வேண்டும். ஒரே வகுப்பில் பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு இன்னொன்று என்று கொடுக்காதீர்கள். இரண்டின் எழுத்துமுறையும் வேறு வேறு.

சோனிக் பை என்றால், நிறுவும் கோப்பை ஒருமுறை இறக்கி, பென்டிரைவில் வைத்து எல்லாக் கணினிகளிலும் அதையே போடுங்கள். பழைய பதிப்பில் இல்லாத ஒலித்துண்டைப் புதிய பதிப்பில் எழுதிய நிரல் கேட்டால், பிழைச் செய்திதான் வரும். நிறுவிய பிறகு மாணவர் கணக்கில் நுழைந்து ஒருமுறை இயக்கிப் பாருங்கள். எழுதும் திரை ஒரு நிரலாகவும் ஒலியை உண்டாக்கும் சூப்பர்கொலைடர் இன்னொரு நிரலாகவும் ஓடி, கணினிக்குள்ளேயே பேசிக்கொள்கின்றன. விண்டோஸ் ஃபயர்வால் இடையில் அனுமதி கேட்கலாம். அனுமதி கொடுக்கும் உரிமை பெரும்பாலும் மாணவர் கணக்குக்கு இருக்காது.

சத்தம் வராததற்கு இன்னொரு காரணம் மாதிரி விகிதம் (சாம்பிள் ரேட்), அதாவது ஒலி வினாடிக்கு எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பது. ஒலிபெருக்கி வினாடிக்கு 44,100, மைக் 48,000 என்று அமைந்திருந்தால் ஒலி இயந்திரம் கிளம்ப மறுக்கலாம். விண்டோஸ் ஒலி அமைப்பில் இரண்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பாடத்துக்கு மைக் தேவையில்லை என்றால் சோனிக் பை அமைப்பில் ஒலி உள்ளீட்டை நிறுத்திவிடலாம். புளூடூத் ஹெட்செட் வேண்டாம். ஒலி தாமதித்து வரும், விகிதமும் மாறும். கம்பி வைத்த சாதாரண ஹெட்ஃபோனே வகுப்புக்கு ஏற்றது.

தாளம் விஷயத்தில் சோனிக் பை மிகவும் அக்கறையாகச் செய்யப்பட்ட மென்பொருள். தண்ணீர்மலைக்குப் போகும் காவடிகளோடு உருமி மேளம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு லயம் சற்று பிசகினாலும் தெரிந்துவிடும். சாதாரண நிரல்மொழியில் ‘ஒரு வினாடி பொறு’ என்று எழுதினால், மற்றக் கணக்குகளுக்கு ஆகும் நேரமும் அதோடு சேர்ந்துகொள்ளும். சுற்றுக்குச் சுற்று அது வளர்ந்து தாளம் பின்தங்கும். சோனிக் பையில் ‘ஸ்லீப் 1’ என்றால் அந்தக் கூடுதல் நேரத்தைக் கழித்துக்கொண்டுதான் காத்திருக்கும். ஒவ்வொரு ஒலியையும் அரை வினாடி முன்பே திட்டமிட்டும் வைக்கிறது. அதனால் பழைய கணினியும் புதிய கணினியும் ஒரே காலப்பிரமாணத்தில் ஓடும். மிக மெதுவான கணினி திணறினால் அந்த அரை வினாடியை ஒரு வினாடியாகக் கூட்டலாம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது சோனிக் பையின் தற்செயல் எண்கள். மோகனத்தின் ஸ, ரி, க, ப, த ஆகிய ஐந்து ஸ்வரங்களை 60, 62, 64, 67, 69 என்று எழுதி, ‘சூஸ்’ கட்டளையால் ஒவ்வொரு அட்சரத்துக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கணினிக்கு ஒரு மெட்டு வரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? எல்லாக் கணினியிலும் ஒரே மெட்டு வரும், மறுபடி இயக்கினாலும் அதே மெட்டு வரும். தற்செயல் வரிசையின் தொடக்கப்புள்ளி ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கிறது. ‘யூஸ்_ரேண்டம்_சீட்’ என்று ஓர் எண் கொடுத்தால் மெட்டு மாறும், அந்த எண்ணைப் போட்ட எல்லாருக்கும் ஒரே விதமாக மாறும். வீட்டில் ஒரு மாணவன் நல்ல மெட்டைக் கண்டுபிடித்தால் நிரலையும் எண்ணையும் சொன்னால் போதும், மறுநாள் வகுப்பே அதைக் கேட்கலாம். திருத்தும் ஆசிரியரும் மாணவர் கேட்டதையே கேட்கிறார்.

வகுப்புக்கு முன் ஒரு சோதனைக் கோப்பு எழுதிவையுங்கள். நிமிடத்துக்கு 60 அட்சரம், ஆதி தாளம் எட்டு அட்சரம், சமத்தில் மட்டும் உரத்த ஒலி, பத்து ஆவர்த்தனம். மொத்தம் 80 வினாடி. இரண்டு கணினிகளை அடுத்தடுத்து இயக்கி, தொடக்கத்தில் இருந்த இடைவெளி முடிவிலும் அப்படியே இருக்கிறதா என்று கேளுங்கள். கோப்பைக் கல்வி அமைச்சின் டெலிமா கணக்கிலுள்ள கூகுள் டிரைவில் வைத்தால் மாணவரும் எடுத்துக்கொள்வார்கள். அவர்களுடைய நிரல்களையும் பாடம் முடியும்போது அங்கேயே சேமிக்கச் சொல்லுங்கள். சோனிக் பை கடைசியாக எழுதியதைக் கணினியில் தானாகவே வைத்துக்கொள்ளும், அடுத்த வகுப்பு வந்து அதன்மேலேயே எழுதிவிடும்.

புதிய பதிப்பு வந்தால் பள்ளி விடுமுறை வரை பொறுங்கள். எல்லாக் கணினிகளிலும் ஒரே நாளில் மாற்றி, சோதனைக் கோப்பை மறுபடி ஓட்டிப் பார்த்து, பாடக்குறிப்பில் பதிப்பு எண்ணைத் திருத்துங்கள்.