கைராசியன்று, செடித் தேர்வு: சிறு முற்றத்துக்கேற்ற கொத்து ரோஜா

வாசலில் ஒரு ரோஜாச் செடி பூத்து நிற்க வேண்டும் என்ற ஆசை பெரும்பாலான குடும்பங்களுக்கு உண்டு. நர்சரியில் கண்ணைக் கவரும் பெரிய பூ ஒன்றைக் கண்டு, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து ஒட்டுச் செடியை வாங்கி வருகிறோம். முதற் பருவத்தில் நாலைந்து பூக்கள் மலர்கின்றன. மழை பிடித்ததும் இலைகள் கரும்புள்ளி கண்டு உதிர்கின்றன. மறு ஆண்டில் முள்ளும் இலையுமாக ஒரு புதர் ஓங்கி வளர்கிறது. பூவை மட்டும் காணோம். "நம் கைக்கு ரோஜா வராது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட, அத்துடன் அம்முயற்சி முடிந்துவிடுகிறது.

இது கையின் குற்றமன்று. சிறு முற்றத்துக்குப் பொருந்தாத இனத்தைத் தேர்ந்ததும், ஒட்டுச் செடியின் இயல்பை அறியாததுமே இதற்குப் பெரும்பாலும் காரணம். தறியையும் வயலையும் கவனித்தபின் எஞ்சும் சிறு பொழுதில் பேணக்கூடிய ரோஜா ஒன்று உண்டு. அதுவே புளோரிபண்டா எனப்படும் கொத்து ரோஜா.

கொத்து ரோஜா பிறந்த கதை

பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த கில்லோ என்பவர் 1867இல் 'லா பிரான்ஸ்' என்னும் ரோஜாவை வெளியிட்டார். நீண்ட காம்பில் ஒற்றையாகப் பெரிய பூப் பூக்கும் கலப்புத் தேயிலை ரோஜா இனத்துக்கு அதனையே முதலாகக் கொள்வர். அவரே 1875இல் 'பாக்கரெத்' என்னும் மற்றொரு ரோஜாவையும் அளித்தார். அது குட்டையான செடி, பூக்கள் சிறியவை, ஆனால் கொத்துக் கொத்தாக ஓயாமல் பூப்பது. பாலியாந்தா என்ற இனம் அதிலிருந்து தொடங்கியது.

பெரிய பூவின் அழகையும் சிறு பூவின் உழைப்பையும் ஒரே செடியில் சேர்த்த பெருமை டென்மார்க்கைச் சேர்ந்த பௌல்சன் குடும்பத்தாருடையது. கடுங்குளிரைத் தாங்கும் ரோஜாவை வேண்டி அவர்கள் இவ்விரு இனங்களையும் கலந்தனர். 1924இல் வெளிவந்த 'எல்சே பௌல்சன்' அம்முயற்சியின் புகழ்பெற்ற விளைவாகும். இவ்வழியில் வந்தவற்றுக்கே பின்னர் புளோரிபண்டா என்ற பெயர் நிலைத்தது. மிகுதியாகப் பூப்பது என்பது அதன் பொருள். ஜெர்மனியின் கோர்டெஸ் நிறுவனத்தார் 1958இல் வெளியிட்ட 'ஐஸ்பர்க்' என்னும் வெள்ளை ரோஜா உலகெங்கும் பரவிய கொத்து ரோஜாவாகும். நம் நாட்டு நர்சரிகளிலும் அது கிடைக்கிறது. நம் நாட்டிலோ, கோதுமை ஆராய்ச்சியில் பெயர் பெற்றவரும், 1965இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றவருமான டாக்டர் பி. பி. பால் ரோஜா வளர்ப்பிலும் ஈடுபட்டுப் புதிய வகைகள் பலவற்றை உருவாக்கினார்.

சிறு முற்றத்துக்கு இது ஏற்றது ஏன்?

கொத்து ரோஜாவில் அடக்கமான வகைகள் இரண்டு முதல் மூன்று அடி உயரத்துடன் நின்றுவிடும். இரண்டடிக்கு ஒன்றாக நடலாம். ஆகவே பத்தடி நீளமுள்ள சுவரோரத்தில் ஐந்து செடிகள் அமையும். ஒரு கொத்திலேயே பல மொட்டுக்கள் இருப்பதால் ஒரு பூ வாடினாலும் செடி வெறுமையாகத் தோன்றாது. பெரும்பூ ரோஜாவைவிடக் கவாத்தில் நேரும் சிறு பிழைகளையும் இது எளிதில் பொறுத்துக்கொள்ளும்.

இதன் குறையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மணத்தில் பெரும்பாலான கொத்து ரோஜாக்கள் நம் பன்னீர் ரோஜாவுக்கு ஈடாகமாட்டா. சந்தைக்கு அனுப்பும் நீண்ட காம்புப் பூவும் இதில் கிடைக்காது. இதனை வருவாய்க்கான பயிராக எண்ணுதல் கூடாது. வாசலுக்கு அழகாகவும், வீட்டுப் பூசைக்கும் பெண்மக்கள் தலைக்கும் ஆகும் பூவாகவும் கொள்ளுதலே முறை.

இடமும் குழியும்

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடம் வேண்டும். காலை வெயில் சிறந்தது. இலையில் தங்கிய பனியையும் மழைநீரையும் அது விரைவில் உலர்த்திவிடும். இலை நெடுநேரம் ஈரமாயிருந்தால் கரும்புள்ளி நோய் பற்றும். முருங்கை நிழலிலும், கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்திலும் நடுதல் வேண்டா.

நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடியாகக் குழி எடுத்துச் சில நாட்கள் ஆறவிட வேண்டும். பின்னர், மேல்மண்ணுடன் நன்கு மக்கிய தொழு உரத்தையும், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கையும் கலந்து நிரப்பலாம். களிமண் நிலமாயின் மணல் சேர்த்து மேட்டுப் பாத்தியாக அமைப்பது நலம். நீர் தேங்கினால் வேர் அழுகும். மண்ணே இல்லாத முற்றமாயின், அடியில் துளையுள்ள, ஓரடிக்குக் குறையாத தொட்டியே போதுமானது.

நீரைப் பற்றி நெசவாளர் இல்லங்களுக்கு ஒரு சொல் தனியே கூறவேண்டும். நூலுக்குச் சாயம் தோய்த்த நீரையோ, அதனை அலசிய நீரையோ ரோஜாவுக்கு ஊற்றவே கூடாது. சாயம் பிடிப்பதற்காகச் சேர்க்கும் உப்பும் காரமும் அந்நீரில் இருக்கின்றன. ரோஜா உப்பைத் தாங்காத செடி. முதலில் இலையோரம் கருகும். பின்னர்க் கிளைகள் நுனியிலிருந்து காயும். கிணற்று நீரே உப்பாக உள்ள ஊர்களில், மழைநீரைச் சேமித்துத் தொட்டியில் வளர்ப்பதே வழி.

ஒட்டுக்குக் கீழே கண் வையுங்கள்

நாம் வாங்கும் செடி பெரும்பாலும் இரண்டு செடிகள் சேர்ந்த ஒன்றாகும். கீழே இருப்பது காட்டு ரோஜாவின் வலிய வேர்ச்செடி. மேலே இருப்பது அதில் கண் ஒட்டு வைத்த நல்ல வகை. இவ்விரண்டும் சேருமிடம் சற்றுப் பருத்திருக்கும். நடும்போது அப்பருத்த பாகம் மண்ணுக்கு மேல் தெரியும்படி நடவேண்டும். அப்போதுதான் எது நம் கிளை, எது காட்டுக் கிளை என்று பிரித்தறிய இயலும்.

ஒட்டுக்குக் கீழிருந்தோ, வேரிலிருந்தோ எழுவது காட்டுக் கிளை. அது வேகமாக வளர்ந்து மேலிருக்கும் செடியின் உணவைப் பறித்துக்கொள்ளும். விட்டுவிட்டால் நல்ல செடி நலிந்து மடிய, காட்டுச் செடியே எஞ்சும். முன்னர்க் கூறிய பூவாத புதர் இதுவே. இலைகளை எண்ணி இதனை அறியலாம் என்று சிலர் கூறுவதை முழுதும் நம்புவதற்கில்லை. நல்ல ரோஜாவிலும் ஏழு சிற்றிலைகள் வருவதுண்டு. கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்ப்பதே பிழையாத வழி. மண்ணை விலக்கி, அது தோன்றும் இடத்திலேயே கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தெறிய வேண்டும். மண் மட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்கு மூன்றாகத் துளிர்க்கும்.

ஆண்டு முழுவதற்குமான பணி

சமவெளியில் கவாத்துக்கு ஏற்ற காலம் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசித் தொடக்கமும் ஆகும். காய்ந்தவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உரசுபவை ஆகிய கிளைகளை முதலில் அடியோடு நீக்குக. எஞ்சியவற்றில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைக்கலாம். வெளிநோக்கிய கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுதல் வேண்டும். மழைக்காலமாதலால் வெட்டு வாயில் போர்டோ பசை தடவுவது நுனிக் கருகலைத் தடுக்கும். பின்னர் மக்கிய எருவிட்டு நீர் பாய்ச்சினால், ஆறேழு வாரங்களில், அதாவது மார்கழியை ஒட்டி, கொத்துக்கள் மலரத் தொடங்கும்.

கொத்தின் நடு மொட்டுத்தான் முதலில் விரியும். அதனை இளமையிலேயே கிள்ளிவிட்டால் சுற்றியுள்ள மொட்டுக்கள் ஏறத்தாழ ஒருங்கே மலரும். கொத்து முழுதும் வாடியபின் அதனடியிலுள்ள முதல் வலிய கண் வரை வெட்டிவிடுக. அங்கிருந்தே அடுத்த கொத்து வரும். கோடையில் செடியின் அடியில் வைக்கோல் மூடாக்கு இட்டு, காலை வேளையில் வேரடியில் நீர் ஊற்றுதல் போதுமானது.

உதிர்ந்த புள்ளி இலைகளைப் பொறுக்கி அகற்றுவது நோய்க்கு முதல் மருந்து. கோடையில் இலையின் அடிப்புறத்தில் சிவப்புச் சிலந்தி கண்டால் நீரைப் பீய்ச்சிக் கழுவலாம். பூச்சிகளுக்கு வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிக்கலாம். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில், பூவைத் தலையில் சூடும் வீட்டில், கடும் விஷ மருந்துகளுக்கு இடமில்லை. மருந்தின்றி நிற்காத வகையை வைத்துப் போராடுவதைவிட, அதனைப் பிடுங்கிவிட்டு வேறு வகை வைப்பது மேல்.

ஆகவே வகையைத் தேரும்போது படத்தை நம்பாமல் செடியை நம்புக. உதகமண்டலத்து அரசு ரோஜாத் தோட்டத்தில் செழித்திருக்கும் வகை சமவெளி வெயிலிலும் அவ்வாறே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நம் ஊரிலேயே, ஒரு மழையையும் ஒரு கோடையையும் கண்ட பின்னும் இலை உதிராமல் நிற்கும் செடி எவர் வீட்டில் இருக்கிறதோ, அதுவே நமக்கேற்ற வகை.

அச்செடியைப் பெறப் பணமும் வேண்டியதில்லை. ஐப்பசிக் கவாத்தில் நாம் எறிந்துவிடும் குச்சிகளில், பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை ஆறு முதல் எட்டு அங்குலம் நறுக்கி, பாதிக்கு மேல் மண்ணுள் புதைத்து, நிழலில் ஈரம் காயாமல் வைத்தால் பல வேர்விடும். பத்துக் குச்சி நட்டு நான்கு பிழைத்தாலும் ஆதாயமே. சொந்த வேரில் நிற்கும் அச்செடியில் காட்டுக் கிளை என்ற தொல்லையும் இல்லை. தூய ஒட்டுச் செடியளவு விரைவில் அது வளராது. முதல் ஆண்டில் பொறுமை வேண்டும்.

வரும் ஐப்பசியில் அங்கத்தினர்கள் தத்தம் கவாத்துக் குச்சிகளை நிறமும் பெயரும் குறித்துக் கட்டாகக் கட்டிச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் வீட்டில் தேறிய செடி ஊரார் வீட்டிலெல்லாம் பூக்கட்டும். நூலையும் விதையையும் ஒன்றுகூடி வாங்கக் கற்ற நமக்கு இது புதிய பாடமன்று. அதன்பின் "நம் கைக்கு ரோஜா வராது" என்ற சொல் நம் தெருக்களில் கேட்காது என்பது திண்ணம்.